முப்பதைப் பன்னிரண்டாக்கினேன்

போன வருடம் நவம்பர். ஜனவரி மாரத்தானுக்கு ஏழு வாரம் இருந்தது. ஞாயிறு விடியற்காலை பெசன்ட் நகரில் தொடங்கி ஈசிஆரில் 26 கிலோமீட்டர் ஓடிவிட்டு வீட்டுக்கு வந்தால், பால் பாக்கெட்டை யாரோ ஃபிரிட்ஜில் வைக்க மறந்திருந்தார்கள். அதற்குப் போய் அப்படி ஒரு கத்தல் கத்தினேன். மகள் நிதானமாகச் சொன்னாள்: “முன்னாடியெல்லாம் ஓடிட்டு வந்தா சிரிச்சுக்கிட்டே வருவே. இப்பல்லாம் வந்ததும் யாரைத் திட்டலாம்னு பாக்குறே.”

என் வாட்ச் சொல்லாததை அவள் சொன்னாள். வாட்சும் சொல்லத்தான் செய்தது, நான்தான் தப்பாகப் படித்தேன். காலையில் எழுந்ததும் 54 இருக்கும் நாடித்துடிப்பு ஒரு வாரமாக 61. இரவு ஒன்பதுக்கே கண் சொருகும், இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். இதைவிட வேடிக்கை, வேக ஓட்டத்தில் கால் இரும்பாகக் கனக்க, நாடித்துடிப்பு மட்டும் வழக்கமான அளவுக்கு ஏறவே இல்லை. ‘ஆஹா, உடல்தகுதி கூடிவிட்டது’ என்று வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். பத்துப் பேர் கைதட்டினார்கள். களைப்பு முற்றும்போது முழு மூச்சில் ஓடினாலும் இதயத்துடிப்பு மேலே போக மறுப்பது உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஒரே ஒரு நாள் எண்ணை வைத்துப் பயப்படவும் கூடாது. சென்னைப் புழுக்கத்தில் ரத்தம் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ஓட வேண்டியிருப்பதால், மெதுவாக ஓடினாலே துடிப்பு எகிறும். ஐந்தாறு நாள் தொடர்ந்து அப்படியே இருந்து, தூக்கமும் கெட்டு, ஷூவைப் பார்த்தாலே அலுப்பாக இருந்தால்தான் விஷயம்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.2, பரவாயில்லை. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 9. அதாவது அன்றாடச் செலவுக்கு இரும்புச்சத்து இருக்கிறது, சேமிப்பு காலி. வெறும் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. ஓடும் பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போனால், செய்யும் பயிற்சிக்குத் தின்னும் சோறு போதவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இந்தக் கோளாறுக்கு ‘ரெட்-எஸ்’ என்று பெயர் வைத்தது. எங்கள் வீட்டில் ‘உடம்பு சூடு’ என்று பெயர் வைத்து வெந்தயம் கொடுத்தார்கள்.

நமக்கு மட்டும் வருவதில்லை இந்தக் களைப்பு. 2011 பாஸ்டன் மாரத்தானை 2:04:58 மணி நேரத்தில் ஓடிய அமெரிக்கர் ரயன் ஹால், தீராத களைப்பால் 2016-இல் 33 வயதிலேயே போட்டி ஓட்டத்திலிருந்து விலகினார். அவருக்கே அந்தக் கதி என்றால், ஆபீஸ், சமையல், பிள்ளைகளின் பரீட்சை எல்லாவற்றுக்கும் நடுவே வாரம் 60 கிலோமீட்டர் ஓடும் நாம் எம்மாத்திரம்?

எனக்குப் புரியாத விஷயம் ஒன்று. போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் ‘டேப்பர்’ என்று சொல்லி எல்லோரும் தூரத்தைப் பாதியாக்குகிறோம். யாருக்கும் குற்ற உணர்ச்சி இல்லை, அதனால் கால் புதுசாகிறது என்று நம்புகிறோம். அதே பாதியை ஏழு வாரம் முன்னால் உடம்பு கேட்டால் மட்டும் சோம்பேறித்தனம் ஆகிவிடுகிறதா? ‘ஒரு நாள் கூட விடாதே’ சவால்களும், பச்சைக் கட்டம் நிரம்பாவிட்டால் முகம் சுளிக்கும் செயலிகளும் நம்மை இப்படிப் பழக்கிவைத்திருக்கின்றன. பத்து நாள் குறைத்து ஓடினால் சேர்த்த தகுதி எங்கும் போய்விடாது. குறைக்காமல் முட்டினால் மூன்று மாதம் போகும். எங்கள் குழுவிலேயே இரண்டு பேருக்குப் போனது.

நான் பத்து நாள் தூரத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தேன். வாரத்தில் ஒரு நாள் மட்டும் நான்கைந்து குட்டி வேக ஓட்டம், மற்ற நாள் பேசிக்கொண்டே ஓடும் வேகம். இரும்புச்சத்து மாத்திரை, எட்டு மணி நேரத் தூக்கம். சாப்பாட்டோடு காபி குடிப்பதை நிறுத்தச் சொன்னார் டாக்டர், இரும்பைச் சேரவிடாதாம். எல்லாவற்றிலும் அதுதான் கஷ்டமாக இருந்தது.

இந்த வருடம் நேற்றுக் காலை நாடித்துடிப்பு 60, ஐந்தாவது நாளாக. ஞாயிறு 30 என்று அட்டவணையில் இருக்கிறது. பென்சிலால் அடித்து 12 என்று எழுதிவிட்டேன். குழுவில் இன்னும் சொல்லவில்லை.