பீக் வரவில்லை என்றால் பொருளே இல்லை என்று ஆகாது

“எச்.பி.எல்.சி.யில் புற ஊதா டிடெக்டர் போட்டு ஓட்டினேன், சுக்ரலோஸ் பீக்கே வரவில்லை. லேபிளில் இருப்பது பொய்” என்று நீங்கள் சோதித்த பானத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். (எச்.பி.எல்.சி. என்பது கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் கருவி; டிடெக்டருக்கு ஒரு பொருள் தெரிந்தால் வரைபடத்தில் எழும் முகடுதான் பீக். சுக்ரலோஸ் ஒரு செயற்கை இனிப்பூட்டி.) அளவீட்டில் தவறில்லை, முடிவுதான் தவறு.

அஸ்பார்டேம், சாக்கரின், அசிசல்பேம் பொட்டாசியம் என்ற மற்ற செயற்கை இனிப்பூட்டிகள் மூன்றும் புற ஊதாக் கதிரை உறிஞ்சும், அதனால் பீக் பளிச்சென்று தெரியும். சுக்ரலோஸ் அப்படியில்லை. சர்க்கரை மூலக்கூறில் 3 ஹைட்ராக்சில் தொகுதிகளை எடுத்துவிட்டு 3 குளோரின் வைத்த பொருள் அது. புற ஊதாவை நன்றாக உறிஞ்ச உதவும் இரட்டைப் பிணைப்பு ஒன்றுகூடக் கிடையாது. வழக்கமாக வைக்கும் 220, 254 நானோமீட்டரில் அந்த டிடெக்டருக்கு அது இருப்பதே தெரியாது. (சாதாரணச் சர்க்கரையும் அதில் தெரியாதே, அதை யாரும் பொய் என்பதில்லை!)

ஒளிவிலகல் எண் டிடெக்டரோ ஆவியாக்கி ஒளிச்சிதறல் டிடெக்டரோ வைத்துப் பாருங்கள். மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானி கிடைத்தால் இன்னும் நல்லது: 3 குளோரின் இருப்பதால் ஐசோடோப் (ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்கள்) பீக்குகள் 2 அலகு இடைவெளியில் வரிசையாக நிற்கும், குழப்பமே வராது.

அதே பானத்தில் அஸ்பார்டேம் குறைவாக வந்தது என்கிறீர்களே, அதற்கும் உடனே கலப்படம் என்று சொல்லிவிட வேண்டாம். அமிலப் பானத்தில் அது நாளாக நாளாகச் சிதையும். பாட்டிலின் தேதியைப் பார்த்தீர்களா?