இன்காக்னிட்டோ திறந்தால் பல்கலைக்கழக வைஃபையில் தடயமே இருக்காதா?

"இன்காக்னிட்டோ (உலாவியின் மறைநிலை) சாளரத்தில் பார்த்தால் பல்கலைக்கழகத்துக்கு எதுவும் தெரியாது" என்று மாணவர்களிடையே ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அந்தச் சாளரம் செய்வது ஒன்றுதான்: மூடியதும், பார்த்த பக்கங்களின் பட்டியலையும் குக்கிகளையும் (தளங்கள் உங்களை நினைவில் வைக்கச் சேமிக்கும் சிறு கோப்புகள்) உங்கள் கணினியிலிருந்து அழித்துவிடும். அடுத்து அதே கணினியில் உட்காருபவருக்குத்தான் அது மறைப்பு. குரோமில் திறந்து பாருங்கள். உங்கள் செயல்பாடு பள்ளிக்கோ வேலை தருபவருக்கோ தெரியக்கூடும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்!

வலையமைப்பின் பக்கம் கதை வேறு. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து வைஃபையில் நுழைகிறீர்கள். அந்த நொடியே உங்கள் கருவிக்கு ஓர் ஐபி முகவரி, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண், கிடைக்கிறது. எந்த முகவரி எந்தக் கணக்குக்கு, எத்தனை மணிக்கு என்பது பதிவாகலாம். தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் ஐபி முகவரியைத் தேடும் டிஎன்எஸ் கேள்வியும் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் சர்வர் வழியாகவே போகிறது. ஆகவே எந்தத் தளம் என்பது தெரிய வாய்ப்புண்டு.

இதன் மறுமுனையில் இன்னொரு புரளி: "நீங்கள் தட்டும் கடவுச்சொல்லைக்கூடப் படிப்பார்கள்." அதுவும் மிகைதான். எச்டிடிபிஎஸ் தளங்களில் (முகவரி https என்று தொடங்குபவை) உள்ளடக்கம் குறியாக்கப்பட்டே செல்கிறது. குறியாக்கத்தை இடையில் பிரித்துப் பார்க்க வழிதரும் நிறுவனத்தின் டிஜிட்டல் சான்றிதழ் நிறுவப்பட்ட கருவி என்றால் மட்டும் நிலைமை மாறலாம்.

நண்பருக்கு உங்கள் வைஃபை கணக்கைக் கொடுத்திருந்தால், அவர் திருட்டுத்தனமாக இறக்கிய படத்துக்கும் பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர். விளக்கம் கேட்டுக் கடிதம் வருவதும் உங்களுக்கே.