புர்ஜ் கலீஃபா நிற்பது எஃகுத் தூண்களிலா?

“நூறு மாடிக்கு மேல் கான்கிரீட் தூண் தாங்காது, புர்ஜ் கலீஃபாவே முழுக்க எஃகு, இரும்பு எரியவும் எரியாது” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. கான்கிரீட் பற்றிச் சொன்னது தவறு. 828 மீட்டர் உயரமுள்ள அந்தக் கட்டடம் 156-ஆம் தளம் வரை கம்பி கட்டிய கான்கிரீட். அதற்கு மேலேதான் எஃகு.

கோலாலம்பூர் பெட்ரோனாஸ் கோபுரங்களிலும் (452 மீட்டர்) சுற்றுத் தூண்கள் கான்கிரீட்தான், தளம் தாங்கும் உத்திரங்கள் எஃகு. அங்கே எஃகை இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது; கணக்கு பார்த்தே கான்கிரீட்டுக்குப் போனார்கள். கனமாக இருப்பதால் காற்றில் ஆட்டமும் குறைவு.

எஃகும் மோசமில்லை: தூணை மெல்லியதாக வைக்கலாம், வேலை சீக்கிரம் முடியும். எரியாது என்பதும் சரி. ஆனால் 550 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஏறக்குறைய பாதி பலம் போய்விடும். தீக்காப்புப் பூச்சு அதற்காகத்தான்.