கிலோ கணக்கும் ஆர்டர் கணக்கும்

ஆப் வந்த பிறகு வேலையின் தன்மையே மாறிவிட்டதாம். இனி முதலாளி, தொழிலாளி என்றெல்லாம் கிடையாது, எல்லாரும் ‘பார்ட்னர்’தானாம். இப்படி யாராவது பேசினால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. மூணாறு தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதில் புதுசு என்ன இருக்கிறது என்பார்கள்.

கொழுந்து எடுக்க ஒரு நாள் கூலி உண்டு. அந்தக் கூலிக்கு இத்தனை கிலோ என்று ஓர் அளவு. அதற்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று இன்சென்டிவ். கொழுந்து பொங்கி வரும் மாதங்களில் அம்மா சாப்பிடக்கூட உட்கார மாட்டார். ஜனவரிப் பனியில் செடி கருகிவிட்டால் எப்படி ஓடினாலும் கிலோ ஏறாது. எர்ணாகுளத்தில் சாப்பாடு டெலிவரி செய்கிற என் தம்பி போனிலும் இதே கணக்குதான் ஓடுகிறது. இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு கூடுதல். இன்னும் இரண்டுதான் பாக்கி என்று ராத்திரி ஹோட்டல் வாசலில் காத்துக் கிடப்பான். கங்காணி இருந்த இடத்தில் இப்போது ஆப். கங்காணியிடமாவது வாய்ச்சண்டை போடலாம்.

அதற்காக லயத்தைப் பெருமை பேச வரவில்லை. ரிட்டயர் ஆனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டைக் காப்பாற்ற பிள்ளைகளில் ஒருவர் எஸ்டேட்டில் வேலைக்குப் பேர் கொடுத்தாக வேண்டும். எத்தனை பேர் படிப்பு இதில் போயிருக்கிறது! 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேர் செத்தது அப்படிப்பட்ட லயங்களில்தான். தம்பி பேர் கொடுக்க மாட்டேன் என்றபோது அம்மா அழுதார். நான் அவன் பக்கம் நின்றேன், இன்றும் அங்கேதான் நிற்கிறேன். அவனைப் போன்றவர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் கொச்சிக்கும் போக, ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வந்து கொழுந்து எடுக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளை மடுவம் (வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) எல்லாம் எஸ்டேட்டின் பொறுப்பு என்றது. பி.எஃப்., போனஸ், கிராஜுவிட்டி தனி. தம்பிக்கு? வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, போனும் அவனுடையது. வழுக்கி விழுந்தால் அந்தக் காலும் அவனுடையது. 2020இல் நிறைவேறி, ஐந்து வருஷம் தூங்கிக்கொண்டே இருந்து 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் தம்பியைப் போன்றவர்களுக்கு ‘கிக் தொழிலாளர்’ என்ற பேராவது வந்தது. கம்பெனிகள் ஆண்டு விற்றுவரவில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் இவர்களுக்கான நிதிக்குக் கட்ட வேண்டும் என்கிறது. சரி, நல்லது. ஆனால் அதே சட்டம் இவர்களை வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர்கள் என்றுதான் வரையறுக்கிறது. வெளியே நிறுத்திவிட்டுக் கொடுப்பது உதவித்தொகை, சம்பளம் இல்லை.

2015 செப்டம்பர் ஞாபகம் இருக்கிறதா? அப்போது எஸ்டேட்டில் நாள் கூலி 232 ரூபாய். அதே கேரளத்தில் கட்டட வேலைக்குப் போகிற ஆண்கள் அதைப்போல மூன்று மடங்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். இருபது சதவீதமாக இருந்த போனஸைப் பத்தாகக் குறைத்ததும் எங்கள் பெண்கள் மூணாறு டவுனுக்கு இறங்கி ரோட்டில் உட்கார்ந்தார்கள். யூனியன் தலைவர்களைக்கூடக் கிட்டே விடவில்லை. பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பேர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் இருபது சதவீதம் திரும்ப வந்தது. பிறகு கூலி 301 ஆனது. 500 கேட்டார்கள், கிடைக்கவில்லை, அது வேறு கதை.

அது நடந்ததற்குக் காரணம் வெறும் துணிச்சல் மட்டும் இல்லை. ஒரே லயம், ஒரே தண்ணீர்க் குழாய், காலையில் ஒரே இடத்தில் பேர் போடுவது. யார் வீட்டில் என்ன கடன் என்று எல்லாருக்கும் தெரியும். கம்பெனி ஆபீஸும் கண்ணெதிரே இருந்தது. தம்பியும் அவன் கூட்டாளிகளும் சந்திப்பது பிரியாணிக் கடை வாசலில், பார்சல் வரும்வரை. பத்துப் பேர் ஆப்பை அணைத்தால் பதினோராவது ஆளுக்குக் கூடுதல் காசு காட்டுகிறது. யாருடைய ஆபீஸ் வாசலில் போய் உட்காருவான்?

‘பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் போகட்டுமே’ என்பவர்கள் வருவார்கள். லயத்துக்காரர்களுக்கும் இதையேதான் சொன்னார்கள்.

குறைந்தபட்சம் கணக்கையாவது காட்டட்டும். அம்மா கொழுந்தை நிறுக்கும்போது தராசு முன்னால் இருக்கும். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள், அதற்குச் சண்டையும் நடக்கும். தம்பிக்கு ஒரு ஆர்டரில் காசு குறைந்தது ஏன் என்று கேட்டால், சாட்டில் பதில் சொல்வது ஆளா மெஷினா என்பதே தெரிவதில்லை. ரேட்டை மாற்றினால் முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும், பிடித்த காசுக்குக் காரணம் சொல்ல வேண்டும், கேள்வி கேட்க ஒரு மனிதர் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். இந்த மூன்றையும் எந்தக் கட்சி தேர்தல் அறிக்கையில் எழுதினாலும் எங்கள் வீட்டு ஓட்டு அவர்களுக்குத்தான்.