அடியில் போட்ட ஒரு வரி

"ரோபோ நிருபர்கள்" என்ற தலைப்போடு நேற்றிலிருந்து ஓடும் ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் செய்திதான். வட்டம் போட்டிருப்பது பிழைக்கு அல்ல, அடியில் நாங்களே போட்ட வரிக்கு: "ஒலிப்பதிவை எழுத்தாக்க ஏஐ உதவியது. நிருபர் சரிபார்த்தார்." சரி, நாங்கள் சொன்னதையே கண்டுபிடித்துவிட்டீர்கள். கெட்டிக்காரர்கள்தான். சொல்லாமல் விட்டிருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திராது.

செய்தி சுருக்குவலை, அதாவது மீன்கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் பெரிய வலை, அதன் பிரச்சினை பற்றியது. திருகோணமலை மனையாவெளியில் ஓர் ஐயா ஒரு மணித்தியாலம் கதைத்தார். பின்னால் அலையும் எஞ்சின் சத்தமும். ஏஐ சில நிமிடத்தில் தட்டித் தந்தது. தந்ததில் "சுருக்குவலை" வரும் இடமெல்லாம் "சுருக்கு விலை". ஹெட்போனை மாட்டி முழுவதையும் திரும்பக் கேட்டேன். அப்படியும் இரண்டு இடம் விளங்காமல் அவருக்கே கோல் எடுத்தேன். "பிள்ளை, வலை, வலை! விலை கதைக்க எங்களிட்ட எங்க மீன்?" என்று சிரித்தார். அந்த வசனம் செய்தியில் இருக்கிறது. ரோபோவிடம் சொன்னதல்ல.

"பிறகு ஏன் அந்தக் கருவி?" என்பீர்கள். எங்கள் செய்திக்குழுவில் மூன்று பேர்தான். கையால் தட்டினால் அரை நாள் போய்விடும். "நாளைக்கு உங்கள் வேலையே போகும்" என்கிறார்கள். போகலாம். இன்றைக்கு அதற்கு அழ நேரமில்லை.

ஆனால் ஏஐ படம் நாங்கள் போடுவதில்லை. போன மாதம் ஒரு பக்கத்தில் வந்த ஏஐ படத்தில் கோணேசர் கோவில் மணல்தரையில் நின்றது. கோவில் நிற்கும் சுவாமி மலையையே காணோம்! அடியில் ஒரு வரியும் இல்லை. எங்களுக்கு வட்டம் போட்ட அதே அண்ணன் அதை "ஓம் நமசிவாய" என்று ஷெயர் பண்ணியிருந்தார்.

படம் என்றால் என்னவென்று திருகோணமலைக்காரருக்கா சொல்ல வேண்டும்? 2006 ஜனவரி 2 கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களும் கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்றது படைத்தரப்பு. பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். அவரோடு எங்களை ஒப்பிடவில்லை. அதற்கும் வட்டம் போட்டுவிடாதீர்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு பொய்ப்படம் செய்யக் கை கூசுகிறது, அவ்வளவுதான்.

நேற்று இரவு அம்மா கேட்டார்: "நீ இப்ப எழுதுறேல்லையாம், மிஷின்தான் எழுதுதாமே?" அவருக்கு ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பியவர் செய்தியை அனுப்பவில்லை.