தின்னர்ல போட்டா வந்துருமுங்க!

பழைய பொம்மைக் காரின் மேல் கம்பிக் கதவுக்கு அடிக்கிற எனாமலை வழிய வழிய அப்பி, "புதுசாட்டம் பண்ணி வச்சிருக்கனுங்க" என்று விற்கிற புண்ணியவான்களே, உங்களுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்? கீறல் விழுந்திருந்தாலும், பெயிண்ட் தேய்ந்திருந்தாலும், ஒரு சக்கரமே இல்லாவிட்டாலும் கேட்ட காசைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேனே! உங்களை யார் பெயிண்ட் அடிக்கச் சொன்னது?

கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளைக் கிளறினால் எப்போதாவது நல்ல சரக்கு மாட்டும். அடிப்பக்கத்தில் லெஸ்னி, இங்கிலாந்து என்று பொறித்த மேட்ச்பாக்ஸ் கார் கிடைத்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. 1953ல் தொடங்கிய வரிசை அது. லெஸ்னி கம்பெனி 1982ல் நொடித்துப்போனது. ஆக, கையில் இருக்கிற வண்டிக்கு எப்படியும் நாற்பது வயது தாண்டியிருக்கும். அதன் மேல் என்ன இருக்கிறது? பச்சை எனாமல். கதவு திறக்கிற மாடல், ஆனால் இடுக்கெல்லாம் பெயிண்ட் இறங்கி உறைந்து கதவு அசையவே மாட்டேன் என்கிறது. கிரில்லில் கோடு கோடாக வார்த்திருந்த வேலைப்பாடு மொத்தமும் மூடி மொழுக்கென்று கிடக்கிறது. கண்ணாடிக்குக் கறுப்பு அடித்திருக்கிறார், மகராசன்.

கார் பரவாயில்லை, உலோகம். பிளாஸ்டிக் சிப்பாய்களின் கதி இன்னும் மோசம். 28 மில்லிமீட்டர் உயர ஆளுக்குத் துவரம்பருப்பு அளவுக்குத்தான் முகம். அதில் மூக்கு, மீசை, தொப்பியின் வார் எல்லாம் செதுக்கியிருப்பார்கள். அதன் மேல் இரண்டு கோட் எனாமல் ஏறினால் மீசை இருந்த இடம் வீங்கின கன்னம்.

சரி, எடுத்துவிடலாம் என்று ஹார்டுவேர் கடைக்குப் போனால் அங்கே இருப்பது ஒரே வைத்தியம். "ஏனுங்க, தின்னர்ல போட்டா வந்துருமுங்க." எதன் மேல் இருக்கிற பெயிண்ட், என்ன பெயிண்ட், எத்தனை வருசமாக இருக்கிறது, ஒரு கேள்வி கிடையாது. ஏனுங்க, நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்கான அந்த என்.சி. தின்னருக்குள் டொலுயீன், அசிட்டோன் மாதிரியான சரக்கு இருந்தால் பாலிஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக்கில் வார்த்த பொம்மை என்ன ஆகும்? பெயிண்ட் வருவதற்கு முன்னால் சிப்பாயே கரைந்து டப்பாவின் அடியில் கஞ்சியாகக் கிடப்பான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாமென்றால் சில்லறையில் ஊற்றிக் கொடுக்கிற பாட்டிலில் லேபிளே இல்லை. கேட்டால், "நெம்ப நல்ல சரக்குங்க, எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க." எல்லாரும் மர நாற்காலிக்கு வாங்கிட்டுப் போறாங்க சாமி!

இன்னொருத்தர் டர்பண்டைன் என்பார். இங்கேதான் எனக்கு உண்மையிலேயே பொத்துக்கொண்டு வருகிறது. எனாமல் காய்வது வெறுமனே ஈரம் ஆவியாகிற விசயமில்லை. அதிலுள்ள ஆல்கிட் பிசின் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து வலைப்பின்னலாகப் பிணைந்துகொள்கிறது. வருசம் ஆக ஆக இறுக்கம் கூடும். ஈரமாக இருக்கும்போது பிரஷ்ஷைக் கழுவின அதே டர்பண்டைன், பத்து வருசம் கழித்து அதைச் சும்மா நனைக்கும், அவ்வளவுதான். அக்ரிலிக் அடித்திருந்தால் நான் இப்படிக் கத்திக்கொண்டிருக்க மாட்டேன். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் தோல் தோலாக உரிந்துவரும். கெட்டிப் பிளாஸ்டிக்குக்கும் ஒன்றும் ஆகாது. மருந்துக்கடையில் போய் ஸ்பிரிட் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள், சாயங்கால நேரமென்றால் கேட்கவே வேண்டாம். காந்திபுரத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவர்களைக் கேளுங்கள், போர்டு துடைக்க எங்கே வாங்குகிறார்கள் என்று சொல்வார்கள். அவர்கள் வாயிலிருந்து தின்னர் என்ற வார்த்தையே வரவில்லை, அதற்காகவே கும்பிடலாம்.

டெட்டால் கோஷ்டி தனி. டெட்டாலில் ஊறப் போட்டால் பெயிண்ட் இளகும் என்பது பொய்யில்லை, அதிலிருக்கும் டெர்பினியாலும் ஆல்கஹாலும் வேலை செய்யும். ஆனால் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை முழுங்கிவிடுகிறார்கள். இளகின பெயிண்டோடு அப்படியே குழாயடியில் காட்டினால், தண்ணீர் பட்ட நொடியில் எல்லாம் பிசுபிசுவென்று தாராக மாறி மடிப்புக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் டெட்டாலிலேயே தேய்த்து அலசி, பெயிண்ட் முழுக்கப் போன பிறகுதான் சோப்புத் தண்ணீர். இந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொல்ல என்னய்யா கேடு?

அப்புறம் நம்ம ஊர்ப் பெருமை, லேத் பட்டறை. கணபதி, பீளமேடு பக்கம் பட்டறைக்குப் பஞ்சமில்லை. காரின் அடித்தட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டை அளவாகத் துளைத்துக் கொடுக்கச் சொன்னால் காசுகூட வாங்காமல் செய்து தருகிற தங்கமான மனிதர்கள். பெயிண்ட் விசயத்தில் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. "காஸ்டிக்குல கொதிக்க வுட்டா சுத்தமா வந்துருமுங்க" என்று ஒருவர் என் சினேகிதரின் காரை வாங்கிப் போட்டார். இரும்புக்கு அது சரி. பொம்மைக் கார் ஜாமக், அதாவது துத்தநாகத்தில் நாலு சதவீதம் அளவு அலுமினியம் சேர்த்து வார்த்தது. காஸ்டிக் சோடா அந்த இரண்டையும் தின்னும். புஸ்புஸ்ஸென்று பொங்கி, வெளியே எடுத்தபோது பெயிண்டும் இல்லை, பொறித்திருந்த எழுத்தும் இல்லை, கறுத்துச் சொரசொரத்த கட்டி ஒன்று வந்தது. பட்டறைக்காரர் சொன்னது: "மேல பெயிண்ட் அடிச்சா தெரியாதுங்க." கொங்கு நாட்டுக் குசும்பா, நிசமாகவே சொன்னாரா, இன்றுவரை சந்தேகம்தான்.

உலோகத்துக்குக் கடைசியில் பெயிண்ட் ரிமூவர்தான் கதி. பூசி வைத்தால் எனாமல் சுருங்கி எழும்பி வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ரகத்தில் பலவற்றில் இருப்பது டைகுளோரோமீத்தேன். உடம்புக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறுகிற சரக்கு. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான ரிமூவரில் அதை 2019லேயே தடை செய்துவிட்டார்கள். இங்கே ஒரு கையுறைகூடக் கொடுக்காமல், "பாத்துங்க, கையில பட்டா எரியும்" என்று சிரித்துக்கொண்டே நீட்டுகிறார்கள். மொட்டை மாடியில் காற்றுப் பார்த்துத்தான் திறக்க வேண்டும். ஜன்னல், சக்கரம் என்று ஒரு துண்டு பிளாஸ்டிக் காரில் மிச்சம் இருந்தாலும் போச்சு.

உப்புத்தாளால் தேய்த்தால் என்ன என்கிறவர்களுக்கு: வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தின டப்பாவிலிருந்து அடித்ததைத் தேய்த்து, அந்தத் தூளை நான் மூக்கில் இழுக்கணுமா? தேய்க்கிற தேய்ப்பில் கோவில் சிற்பங்களுக்கு மணல் வீசி மூக்கு முழியை மழித்த கதைதான் பொம்மைக்கும் நடக்கும்.

எடுத்த பெயிண்ட் சேற்றை எங்கே கொட்டுவது என்பது அடுத்த தலைவலி. சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை, நொய்யல் பட்ட பாடு போதும். டப்பாவில் அடைத்து அடைத்துப் பரணில் இடமில்லை.

இத்தனைக்கும் நடுவில் சொந்தபந்தம், ஒரம்பரை என்று வந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, "ஏங்கண்ணு, அதுக்கு மேலயே இன்னொரு கோட் அடிச்சா ஆகாதா?" என்கிறார்கள். அதைத்தானே சாமி முன்னால் வைத்திருந்தவனும் செய்தான்! அடுத்து எவராவது அப்படிக் கேட்டால் டம்ளரை வாங்கி வைத்துவிட்டு டூத் பிரஷ்ஷைக் கையில் கொடுத்துவிடப் போகிறேன். ஒரு டப்பா சிப்பாய் அப்படியே பாக்கி கிடக்கிறது.