தம்பி ஏன் கருவாடு சாப்பிடுவதில்லை

என் தம்பி 2014இல் சிங்கப்பூர்க் காவல்துறையில் சேர்ந்தான். ரோந்து வேலை, 12 மணி நேர ஷிஃப்ட். போன வருடம் ஒரு நாள் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுக் காலையில் நேராக அம்மா வீட்டுக்கு வந்தான். அம்மா அவனுக்குப் பிடிக்குமே என்று கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். வாசலில் நின்றவன் சப்பாத்துகூடக் கழற்றவில்லை. "பசியில்லைம்மா" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குத் திரும்பிவிட்டான். அம்மா இரண்டு நாள் என்னிடம் புலம்பினார். "மருமக ஏதாவது சொல்லியிருப்பாளோ?"

மருமகள் பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. முந்தைய இரவு ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் தனியாக இருந்த முதியவர் இறந்து சில நாள் ஆகியிருந்தது. வாடை தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸ் அவசர எண் 999ஐ அழைத்திருக்கிறார். கதவைத் திறந்த பிறகு, சவ வண்டி வரும்வரை யாராவது அங்கே நிற்க வேண்டும். தம்பி நின்றான். அவனுக்கு அது முதல் தடவையும் இல்லை. இதை எங்களிடம் சொல்ல அவனுக்கு எட்டு மாதம் ஆனது.

போலீஸ் வேலை என்றால் திருடனைத் துரத்துவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த ஊரில் அவர்கள் துரத்துவது குறைவு, கேட்டுக்கொள்வதுதான் அதிகம். கணவன் மனைவி சண்டை, மேல்மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம், பன்னிரண்டாம் மாடி விளிம்பில் நிற்கும் பையன். அப்புறம் மோசடிப் புகார். 2024இல் மட்டும் இங்கே மோசடியில் போன பணம் 1.1 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நாம் செய்தியில் தொகையைப் பார்த்து "அடேங்கப்பா" என்று சொல்லி அடுத்த பக்கம் போய்விடுவோம். ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் இழந்துவிட்டு வந்து நிற்கும் ஆன்ட்டிக்கு எதிரே உட்கார்ந்து எழுதிக்கொள்பவருக்கு 24 வயது இருக்கும். அடுத்த ஆன்ட்டி வெளியே காத்திருப்பார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியா கலவரத்தில் ஆம்புலன்சுக்குள் மாட்டிக்கொண்ட அதிகாரிகள் வெளியே ஓடும் காணொளி எல்லார் கைப்பேசிக்கும் வந்தது. நானும் சிரித்தேன், நாலு பேருக்கு அனுப்பியும் வைத்தேன். அடுத்த வருடம் தம்பி அதே சீருடையைப் போட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

உதவியே இல்லை என்று சொன்னால் அது பொய். காவல்துறைக்கென்று தனி உளவியல் பிரிவு இருக்கிறது. சக அதிகாரிகளே பயிற்சி பெற்றுத் துணை ஆலோசகர்களாக இருக்கிறார்கள். 24 மணி நேர ஆலோசனைத் தொலைபேசியும் உண்டு. பெரிய சம்பவம் நடந்தால் அவர்களாகவே வந்து பேசுகிறார்கள். இதெல்லாம் தம்பிக்கும் தெரியும். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "அக்கா, போய்ச் சொன்னதும் துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டால் டீமில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் மேசை வேலை. பதவி உயர்வு கோவிந்தா." அவன் சொன்னபடிதான் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நடக்குமோ என்ற பயமே அவன் வாயை எட்டு மாதம் கட்டிப்போட்டது.

தற்கொலைக்கு முயல்வது இங்கே குற்றமாக இருந்தது. 2020 ஜனவரி 1 முதல் குற்றமில்லை. மனம் உடைந்தவரைக் குற்றவாளியாக நடத்தாதே என்று சட்டமே சொல்லிவிட்டது. அந்த மாடி விளிம்புக்குப் போய், கையைப் பிடித்து இறக்கி, "பரவாயில்லை, பேசுங்கள்" என்று பக்குவமாகச் சொல்பவர் போலீஸ்காரர். அதே வார்த்தையைத் தனக்குச் சொல்லிக்கொள்ள மட்டும் அவருக்குக் கூச்சம்.

ஆபத்து இருக்கும்போது துப்பாக்கியை வாங்கி வைப்பது சரிதான், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் தூக்கம் வரவில்லை என்பவரையும், உயிரை விட நினைப்பவரையும் ஒரே கண்ணால் பார்க்க மாட்டோம் என்று வேலையில் சேரும்போதே சொல்லிவிடலாமே. வாங்கினால் எப்போது திரும்பத் தருவார்கள், யார் முடிவு செய்வார்கள் என்பதையும் சேர்த்து. இன்னொன்று: பெரிய சம்பவங்களை விடுங்கள், செய்தியில் வராத இந்த அழுகிய உடல்கள், குழந்தை மரணங்கள். இவற்றுக்குப் போய்வந்த எல்லாரையும், வேண்டுமா வேண்டாமா என்று கேட்காமல், ஆலோசகர் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். ரோந்துக் காரை சர்வீசுக்கு விடுவதில்லையா? எல்லாரும் போனால் யார் உடைந்தார், யார் உடையவில்லை என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

2023இல், வேலையிடத்தில் பாகுபாடு என்று முகநூலில் எழுதிய ஓர் அதிகாரியின் மரணம் நாடாளுமன்றம் வரை போனது நினைவிருக்கும். எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வாரம் அடித்துக்கொண்டார்கள், யார் பக்கம் நியாயம் என்று. அந்த இரண்டு வாரத்தில், தன் வீட்டுப் போலீஸ்காரரிடம் "நீ தூங்குகிறாயா?" என்று எத்தனை பேர் கேட்டோம்? நான் கேட்கவில்லை. கல்யாண வீடுகளில் மட்டும் "எங்க தம்பி போலீஸ்ல இருக்கான்" என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்லிக்கொள்வேன்.

கடைசியில் அவனைப் போக வைத்தது நானும் இல்லை, அம்மாவும் இல்லை. கூட ரோந்து போகும் மலாய்க்கார நண்பர் ஒரு நாள் கோப்பிக் கடையில், "நானும் போனேன், இப்போது உன் பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறேன்" என்றாராம். அவ்வளவுதான். மறுவாரம் பதிவு செய்துவிட்டான்.

கருவாடு இன்னும் சாப்பிடுவதில்லை. அம்மாவும் வைப்பதில்லை. இதைப் படித்தால் என்னைத் திட்டுவான். இன்று அவனுக்கு இரவு ஷிஃப்ட், காலையில்தான் பார்ப்பான்.